பூ விழுந்த கண்

என் கணவர் பள்ளிக்கூட பஸ் ஓட்டிக்கொண்டிருந்தார். மாட்டுங்கா லேபர் கேம்பில் எங்கள் வீடு. காலையில் சயனில் நிறுத்தியிருக்கும் வண்டியை எடுத்துக்கொண்டு செம்பூர் போய், அங்கே தெருத் தெருவாகப் பிள்ளைகளை ஏற்றி, மாட்டுங்காவில் பள்ளி வாசலில் இறக்கிவிடுவார். மத்தியானம் அதே பிள்ளைகளைத் திரும்பக் கொண்டுபோய் விடவேண்டும். இடையில் வீட்டுக்கு வந்து சாப்பிட்டுத் தூங்குவார். செம்பூரில் ஒரு கிளியரிங் ஏஜென்சியில் எனக்கு டைப்பிங் வேலை. எங்களுக்கு ஒரே மகள். கல்லூரியில் படிக்கிறாள்.

மழைக்காலம் தொடங்கிய புதிது. ஃபைவ் கார்டன் பக்கம் மரங்கள் ஈரத்தில் கனத்துத் தாழ்ந்து கிடக்கும். கண்ணாடியில் ஆவி படிகிறது என்று டிரைவர் சீட்டுப் பக்கத்து ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு ஓட்டியிருக்கிறார். நின்றிருந்த ஒரு லாரியைத் தாண்ட வலது ஓரமாகப் போகும்போது ஒரு கிளை உள்ளே வந்து வலது கண்ணில் அடித்துவிட்டது. துண்டை நனைத்துத் துடைத்துவிட்டு, பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தார்.

சாயந்திரம் நான் வந்து கேட்டதற்கு, "கிளை லேசா உரசிட்டு. ஒண்ணுமில்ல" என்றார். கண் சிவந்திருந்தது. எனக்கும் அது பெரிதாகத் தோன்றவில்லை. பஸ் ஓட்டுகிறவர் கண்ணில் தூசி விழாத நாள் எது?

மறுநாள் வலி கூடியதும், வேலைக்குப் போகிற வழியில் சந்து முனை மெடிக்கலில் சொட்டு மருந்து வாங்கிக்கொண்டார். கடைக்காரர் எங்களுக்குப் பல வருஷப் பழக்கம். காய்ச்சலுக்கும் வயிற்று வலிக்கும் அவரிடம்தான் போவோம். அந்த மருந்து நன்றாகக் கேட்டது. சிவப்பு இறங்கியது, வலியும் குறைந்தது. "பாத்தியா, டாக்டர்ட்ட போயிருந்தா அரை நாள் போயிருக்கும்" என்று சொல்லிக்கொண்டு வண்டி எடுக்கப் போனார். ஒரு வாரம் இப்படியே ஓடியது.

ஒரு நாள் காலை நான் ஆபீசில் உட்கார்ந்து கம்ப்யூட்டரைத் திறக்கிறேன், போன் வந்தது. வண்டி ஓட்டும் நேரத்தில் அவர் எனக்குப் போன் செய்ததே கிடையாது.

"ஏட்டி, எனக்கு வலது பக்கம் தெரியல. வண்டிய ஓரங்கட்டிட்டேன். நீ வாரியா?"

"எங்க நிக்கிய? பிள்ளைகளுக்கு ஒண்ணும் ஆவலையே?"

"ஒண்ணும் ஆவல. ஒரு பைக்குக்காரன் நல்லா ஏசிட்டுப் போறான். எனக்கு அவன் வந்ததே தெரியல."

ஆட்டோ பிடித்துப் போனேன். கிங் சர்க்கிளுக்கு முன்னால் சாலையோரம் மஞ்சள் பஸ் நின்றது. உள்ளே பிள்ளைகள் கத்திக்கொண்டும் ஜன்னல் வழியே கையை நீட்டி மழையைப் பிடித்துக்கொண்டும் இருந்தார்கள். அவர்களைப் பார்த்துக்கொள்ள வண்டியில் ஒரு மராத்திப் பெண்மணி உண்டு. எல்லோரும் மௌசி என்று கூப்பிடுவார்கள். மௌசி கதவை அடைத்துக்கொண்டு நின்றாள். என் கணவர் வலது கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு படியில் உட்கார்ந்திருந்தார். சாவி மௌசியின் கையில் இருந்தது. வேறு டிரைவர் வரும்வரை தன்னிடம் சாவி இருக்கக் கூடாது என்று அவரே கொடுத்துவிட்டாராம்.

கையை எடுக்கச் சொல்லிக் கண்ணைப் பார்த்தேன். கருவிழியின் நடுவில் சாம்பல் வெள்ளையாக ஒரு பொட்டு. அதன் ஓரம் வட்டமாக இல்லை. பஞ்சைப் பிய்த்ததுபோல் சிதறியிருந்தது. எங்கள் ஊர்ப் பக்கம் கண்ணில் பூ விழுந்துவிட்டது என்பார்கள். பூ விழுந்த கண்களைக் கிழவர்களிடம்தான் பார்த்திருக்கிறேன். அவருக்கு அப்போது ஐம்பதுகூட ஆகவில்லை.

மாற்று டிரைவர் வந்து வண்டியை எடுத்துக்கொண்டு போனபிறகுதான் அவர் எழுந்தார். பஸ் திருப்பத்தில் மறையும்வரை இடது கண்ணால் பார்த்துக்கொண்டு நின்றார். அங்கிருந்து நேராக ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் கண் பிரிவுக்குப் போனோம்.

எங்களுக்குக் கிடைத்த டாக்டர் சின்ன வயதுப் பெண். மராத்திக்காரி. எங்களிடம் பேசிய இந்தியில் அதட்டலே இல்லை. முதலில் கேட்டது, "இதுவரைக்கும் என்ன மருந்து போட்டீர்கள்?" என்றுதான். என் கணவர் சட்டைப் பையிலிருந்து சின்னக் குப்பியை எடுத்துக் கொடுத்தார். டாக்டர் அதைத் திருப்பிப் படித்துவிட்டுத் தன் மேசையிலேயே வைத்துக்கொண்டார்.

கண் மரத்துப்போகச் சொட்டு விட்டு, மோவாயை ஒரு மெஷினில் வைக்கச் சொன்னார். தலை அசையாமல் பின்னாலிருந்து நான் பிடித்துக்கொள்ள வேண்டும். சின்னக் கத்தி ஒன்றால் அந்த வெள்ளைப் புண்ணைச் சுரண்டினார். மரத்துப்போன கண்தான். ஆனாலும் கத்தி படும்போதெல்லாம் அவர் கழுத்து இறுகுவது என் கைகளுக்குத் தெரிந்தது. சுரண்டியதைக் கண்ணாடித் துண்டில் தடவி எடுத்துக்கொண்டு போனவர், கொஞ்ச நேரத்தில் என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டு மைக்ராஸ்கோப்பில் பார்க்கச் சொன்னார். கிளை பிரிந்த மெல்லிய நூல்கள் ஒன்றின்மேல் ஒன்று கிடந்தன.

"ஃபங்கஸ். செடி கொடியில், மண்ணில் எல்லாம் இருப்பதுதான். கிளை கீறின இடத்தில் உள்ளே போய்விட்டது. கடையில் வாங்கின மருந்தில் ஸ்டெராய்டு இருக்கிறது. சிவப்பும் வலியும் குறைந்தன, சரி. ஆனால் கண்ணின் எதிர்ப்பையும் அது அடக்கிவிட்டது. இது உள்ளே நிம்மதியாக வளர்ந்திருக்கிறது."

"நிம்மதியாக" என்பதற்கு அவர் சொன்ன இந்திச் சொல் ஆராம் சே. சாவகாசமாக உட்காரச் சொல்லும்போது சொல்கிற சொல். அது பல நாள் என் காதை விட்டுப் போகவில்லை.

வெளியே வந்து என் கணவரிடம் சொன்னேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். "அவன் நல்ல பையன். தெரிஞ்சா குடுத்தான்?" என்றார். அவ்வளவுதான். கடைக்காரரை அவர் எதுவும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டால் கண் வந்துவிடுமா?

புது மருந்து பால்போல வெள்ளையாக இருக்கும். குலுக்கித்தான் விட வேண்டும். மணிக்கு ஒரு தரம் விடச் சொன்னார்கள். மகள் தன் போனில் அலாரம் வைத்துக் கொடுத்தாள். மருந்தின் வெள்ளை இமை மயிரிலெல்லாம் காய்ந்து ஒட்டிக்கொள்ளும். பஞ்சை நனைத்துத் துடைத்து முடிப்பதற்குள் அடுத்த சொட்டுக்கு நேரமாகிவிடும். வெளிச்சம் பட்டால் அவருக்குத் தாங்காது. ஜன்னலுக்குப் போர்வையைக் கட்டினோம். ஒற்றை அறை வீடு. ஜன்னலை மூடினால் சமையல் புகையும் ஈரமும் போக வழியில்லை. அந்த மழையில் சுவரில் கருப்பு கருப்பாகப் பூத்திருந்தது. செருப்பில் பூத்திருந்தது. டப்பாவில் இருந்த அப்பளத்திலும் பூத்திருந்தது. வருஷா வருஷம் பார்ப்பதுதான். சுவரை பிளீச்சிங் பவுடர் போட்டு நான் தேய்க்கத் தொடங்கினேன். தேய்த்தால் போய்விடும். இரண்டு நாளில் திரும்ப வரும். மறுபடி தேய்ப்பேன்.

"சும்மா இரியேன். சுவரா எனக்கு வந்து ஒட்டுச்சு?" என்பார் அவர், கண்ணை மூடியபடியே.

சோறு வெந்ததா என்று ஒரு பருக்கையை நசுக்கிப் பார்த்தால் தெரிந்துவிடும். காய்ச்சல் விட்டதா என்று நெற்றியைத் தொட்டால் தெரிந்துவிடும். இந்த மருந்து வேலை செய்கிறதா என்று எனக்கு எப்படியும் தெரியவில்லை. டாக்டரிடம் கேட்டால், "இது மெதுவான நோய். மருந்தும் மெதுவானது. கண்ணுக்குள் அதிகம் இறங்காது. விட்டுக்கொண்டே இருக்க வேண்டும்" என்பார். விட்டுக்கொண்டே இருந்தேன். என்னால் முடிந்தது அது ஒன்றுதான்.

ஆபீசில் கொஞ்ச நாள் லீவு கொடுத்தார்கள். பிறகு மகளும் நானும் முறை வைத்துக்கொண்டோம். ஒருநாள் நான் வீட்டுக்குள் நுழையும்போதே மகளின் முகம் சரியில்லை. வாசலுக்கு வெளியே என்னை இழுத்துக்கொண்டு போனாள்.

"அம்மா, நெட்ல பாக்காதன்னு நீ சொன்னல்ல. நான் பாத்துட்டேன்."

"என்ன போட்டிருக்கு?"

"சோட் தோ, விடும்மா. நான் சொல்ல மாட்டேன். நீயும் பாக்காத."

நான் பார்க்கவில்லை. அவள் முகத்தைப் பார்த்ததே போதுமாக இருந்தது.

அந்த நாட்களில்தான் பக்கத்து வீட்டுப் பெண் வந்தாள். அவளுக்கு நாங்குநேரிப் பக்கம். கைக்குழந்தைக்காரி. முந்தானைக்குள் எதையோ மறைத்துக்கொண்டு வந்தவள், உள்ளே வந்ததும் ஒரு சின்ன எவர்சில்வர் டம்ளரை எடுத்து நீட்டினாள். அடியில் கொஞ்சம் தாய்ப்பால்.

"அக்கா, எங்க ஊர்ல கண்ணுக்கு இதத்தான் விடுவாவ. அண்ணனுக்கு விட்டுப் பாருங்க. நாளைக்கும் தாரேன்" என்றாள்.

நான் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன். பிள்ளைக்கு உள்ளதைப் பிழிந்து கொண்டுவந்திருக்கிறாள். டம்ளர் இன்னும் சூடாக இருந்தது. டாக்டர் தந்த மருந்தைத் தவிர எதுவும் கண்ணில் படக்கூடாது என்று சொல்லியிருந்தார். அவள் போனபிறகு, படுத்திருந்தவர் கேட்டார்.

"விட்டுப் பாப்பமா?"

"வேண்டாங்க. டாக்டர் என்ன சொல்லிச்சு?"

"டாக்டர் சொன்னதைத்தான இத்தன நாளும் செய்யுதோம்."

அந்தக் குரல் அவர் குரலே இல்லை. எது வேண்டாம், எது வேண்டும் என்று சொல்லத் தெரிந்த மனுஷர் அவர். நான் டம்ளரைக் கழுவி வைத்தேன். அன்று மருந்து விடும்போது, கண்ணை விரிக்க நான் சொல்லுமுன் அவரே விரித்துக் காட்டினார். மறுநாள் அந்தப் பெண்ணிடம் டம்ளரைக் கொடுத்தபோது, "எரிச்சல் கொறஞ்சுதா அக்கா?" என்று கேட்டாள். ஆமாம் என்று தலையாட்டினேன்.

எரிச்சல் குறையவில்லை. கருவிழிக்குக் கீழே வெள்ளையாக ஒரு மட்டம் கட்ட ஆரம்பித்தது. கண்ணுக்குள்ளேயே சீழ் இறங்கிவிட்டது என்று ஆஸ்பத்திரியில் சேர்த்துக்கொண்டார்கள். வேறு மாத்திரை, வேறு சொட்டு, கருவிழிக்குள்ளேயே ஊசி. அந்த ஊசியின்போது என்னை வெளியே நிற்கச் சொன்னார்கள். அவர் கத்துவார் என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். சத்தமே வரவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது.

ஒருநாள் காலை டீயை ஆற்றிக்கொண்டிருக்கிறேன், "ஏட்டி, கண்ணுல இருந்து வெந்நி மாதிரி வடியுது" என்றார். கன்னத்தில் தண்ணீர் இறங்கியிருந்தது. அழுகிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். நர்சைக் கூப்பிட்டேன். அவள் பார்த்த உடனேயே ஓடினாள். கருவிழி மெலிந்து மெலிந்து ஓட்டை விழுந்துவிட்டது.

டாக்டர் என்னைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார். "கருவிழியை எடுத்துவிட்டு வேறு கருவிழி தைக்க வேண்டும். ஒன்று புரிந்துகொள்ளுங்கள். இது பார்வைக்காகச் செய்கிற ஆபரேஷன் இல்லை. கண்ணைக் காப்பாற்ற. ஃபங்கஸ் பின்பக்கம் போய்விட்டால் கண்ணையே எடுக்க வேண்டிவரும்."

"பார்வை?"

"பிறகு பார்ப்போம்."

கருவிழி யாராவது கொடுத்தால்தான் உண்டு. ஓட்டையைப் பசைபோன்ற ஒன்றால் அடைத்துவிட்டுக் காத்திருந்தோம். காத்திருப்பது என்றால் எதற்கு என்று யோசித்துப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. வார்டின் ஜன்னலிலிருந்து ஆம்புலன்ஸ் நுழைவது தெரியும். நான் எழுந்து ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டேன். கடைசியில் கருவிழி வந்தது. யாருடையது என்று சொல்ல மாட்டார்கள். கேட்கவும் கூடாது. எந்த வீட்டிலோ அழுதுகொண்டிருக்கும்போதே யாரோ ஒருவர் சரி என்று சொல்லியிருக்கிறார். அவரை நான் எங்கே போய்க் கும்பிடுவது?

ஆபரேஷன் முடிந்து மறுநாள் கட்டைப் பிரித்தார்கள். கண்ணாடிபோலத் தெளிவாக இருந்தது கருவிழி. சுற்றிலும் கதிர் கதிராகக் கருப்பு நூல் தையல். அவர் நல்ல கண்ணைப் பொத்திக்கொண்டு, மற்றதைச் சுருக்கிச் சுருக்கிப் பார்த்தார்.

"வெளிச்சமா இருக்கு. நீ பச்சைச் சேலையா கட்டியிருக்க?"

கட்டியிருந்தது நீலம். "ஆமாங்க, கிட்டத்தட்ட" என்றேன். மகள் சிரித்துவிட்டாள். நாங்களும் சேர்ந்துகொண்டோம். நாங்கள் மூன்று பேரும் அதற்குப் பிறகு அப்படிச் சிரித்ததில்லை.

மாற்றிய கருவிழி ஒட்டுவதற்கு வழக்கமாக ஸ்டெராய்டு கொடுப்பார்களாம். இவருக்கு உள்ளே ஃபங்கஸ் மிச்சம் இருக்குமோ என்ற பயத்தில் அதை உடனே கொடுக்க முடியாது என்றார்கள். எதைக் கொடுக்காவிட்டால் புதுக் கருவிழி கெடுமோ அதைக் கொடுத்தால் பழைய நோய் வரும். டாக்டர் இதைச் சொல்லும்போது தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். நோய் திரும்ப வரவில்லை. அதில் ஜெயித்தோம். ஆனால் தீபாவளி நெருங்கும்போது கருவிழி மங்கத் தொடங்கியது. முதலில் புகைபோல், பிறகு மோர்போல். சேலை நிறம் கேட்பதை அவரே நிறுத்திவிட்டார்.

ஒற்றைக் கண்ணை வைத்துக்கொண்டு பஸ் ஓட்ட முடியாது. அதை யாரும் அவரிடம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. டம்ளரில் தண்ணீர் ஊற்றும்போது விளிம்புக்கு வெளியே ஊற்றினார். படி இறங்கும்போது காலால் தடவிப் பார்த்தார். பஸ் முதலாளி நல்லவர். பள்ளி வாசலில் நின்று வண்டிகளை ஒழுங்குபடுத்துகிற வேலை தருவதாகச் சொல்லி அனுப்பினார். "நான் ஓட்டுன வண்டிக்கு நானே கை காட்டவா?" என்று முதலில் மறுத்துவிட்டார். இரண்டு மாதம் போர்வை கட்டிய அறையில் உட்கார்ந்திருந்தபிறகு, ஒரு திங்கட்கிழமை தானே சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

அவர் பஸ்ஸில் வந்த ஒரு சின்னப் பெண், "அங்கிள், ஆப்கா பஸ் கஹாங் ஹை?" என்று கேட்டதாம். ரிப்பேருக்குப் போயிருக்கிறது என்று சொல்லியிருக்கிறார். தினமும் கேட்கிறாளாம்.

போன வாரம் செக்கப்புக்குப் போனோம். கல்யாண லீவு முடிந்து அந்த டாக்டர் திரும்பி வந்திருந்தார். மராத்திக் கல்யாணப் பெண்கள் போடுகிற பச்சைக் கண்ணாடி வளையல்கள் முழங்கைப் பக்கம்வரை ஏறியிருந்தன. எங்களைப் பார்த்ததும் அவருக்குச் சந்தோஷம். இன்னொரு கருவிழி வைத்தால் பலன் உண்டா என்று பார்க்க வேண்டும், அதற்குக் கண்ணின் பின்பக்க நரம்பு உயிரோடு இருக்கிறதா என்று தெரிய வேண்டும் என்றார். அறையை இருட்டாக்கி, என் கணவரிடம் நல்ல கண்ணை உள்ளங்கையால் மூடச் சொல்லி, சின்ன டார்ச்சை நாலு பக்கமும் மாற்றி மாற்றிப் பிடித்தார். வெளிச்சம் எந்தப் பக்கம் என்று கேட்டார்.

"மேல. இப்போ கீழ. இடது. வலது."

ஒன்றுகூடத் தப்பவில்லை. டாக்டர் முகம் மலர்ந்துவிட்டது. "பகுத் அச்சா" என்றார். மேலே என்ன செய்யலாம் என்று பெரிய டாக்டரிடம் பேசுவதாகச் சொன்னார். எனக்குக் கால் தரையில் பாவவில்லை. ஸ்டேஷனுக்கு நடந்து வரும்போது நானே பேசிக்கொண்டு வந்தேன். அவர் ஓவர்பிரிட்ஜ் படியில் நின்றுவிட்டார்.

"எனக்கு ஒண்ணும் அவ்வளவா தெரியலட்டி."

"பின்ன எப்படிச் சொன்னிய?"

"அந்தப் பிள்ள கைய எந்தப் பக்கம் கொண்டுபோனாலும் வளையல் சத்தம் கேக்குல்லா. அத வச்சுச் சொன்னேன்."

நான் அப்படியே நின்றேன். பின்னால் வந்தவர்கள் எங்களை இடித்துக்கொண்டு ஏறினார்கள்.

"ஏன் இப்படிச் செஞ்சிய?"

"அது எவ்வளவு பாடுபட்டுச்சு எனக்காக. கல்யாணம் முடிஞ்சு வந்திருக்கு. மூஞ்சி வாடக் கூடாதுன்னு தோணுச்சு." கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, "ஓம் மூஞ்சியும்தான்" என்றார்.

 கையைப் பிடித்துத் திருப்பிக் கூட்டிக்கொண்டு போனேன். ஆஸ்பத்திரியில் கூட்டம் கலைந்திருந்தது. டாக்டர் டிபன் டப்பாவைத் திறந்து வைத்திருந்தார். நான்தான் சொன்னேன். என் கணவர் தலையைக் குனிந்து நின்றார், பள்ளிக்கூடத்துப் பையனைப்போல. டாக்டருக்குக் கோபம் வரும் என்று பார்த்தேன். அவர் டப்பாவை மூடிவிட்டு, வளையல்களை ஒவ்வொன்றாகக் கழற்றி மேசைமேல் வைத்தார். கண்ணாடி வளையல் சுலபமாகக் கழலாது. கை சிவந்துவிட்டது. கடைசி வளையலையும் கழற்றிவிட்டு எழுந்தார்.

மறுபடி அறை இருட்டானது. டார்ச் எரிந்தது.

"தெரியல" என்றார் அவர். அடுத்த பக்கம். "தெரியல." பிறகு ரொம்ப நேரம் கழித்து, "கீழ ஏதோ இருக்கமாரி இருக்கு. நெசமாத்தான் சொல்லுதேன்."

டார்ச் கீழேதான் இருந்தது. மேலே பிடித்தபோது அவருக்குத் தெரியவில்லை. இடது பக்கம் தெரிந்தது. மறுமுறை கேட்டபோது தெரியவில்லை. டாக்டர் விளக்கைப் போட்டார். ஸ்கேன் எடுத்துப் பார்க்கலாம், ஆனால் அதிகம் எதிர்பார்க்க வேண்டாம் என்றார். நல்ல கண்ணைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளச் சொன்னார். வெளியே போனால் கண்ணாடி போடச் சொன்னார். என் கணவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். கிளம்பும்போது டாக்டரைப் பார்த்து, "ஸாரி மேடம்" என்றார். டாக்டர் அவர் தோளைத் தட்டினார்.

ஸ்கேனுக்கு அடுத்த வாரம் வரச் சொல்லியிருக்கிறார்கள். அதற்கு முந்தின நாள் நான் ஆபீசில் லீவு சொல்லிவிட வேண்டும்.